விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு ஹீட்டர்

புனேயின் குளிர் ஒரு ஸ்வெட்டரோடும் ஒரு கம்பளியோடும் முடிந்துவிடும் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். முப்பத்தோரு ஆண்டுகளுக்கு முன் மதுரையிலிருந்து இங்கே புனேயின் தாபோடியில் வந்து இறங்கியபோது என் கணவர் சொன்னது அது. மகள் இங்கே பிறந்து, படித்து, மணமாகி மதுரைக்கே போய்விட்ட பிறகும் அந்த நம்பிக்கையை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. வீட்டையே சூடாக்குவது சிம்லாவிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களின் கவலை என்று இருந்துவிட்டோம். டிசம்பர் பிறந்ததை எங்களுக்கு முதலில் அறிவிப்பது தோசை மாவுதான். இரவு கரைத்து வைத்த மாவு, காலையில் ஒரு குமிழிகூட இல்லாமல் வைத்த மட்டத்திலேயே கிடக்கும். அதற்கும் ஒரு பழைய ஸ்வெட்டரைச் சுற்றி அடுப்பருகே வைப்போம். எங்கள் வீட்டின் வெப்பமூட்டும் ஏற்பாடு அத்துடன் முடிந்தது.

கணவர் பாதுகாப்புத் துறைப் பணிமனை ஒன்றில் உலைப் பிரிவில் வேலை பார்த்தவர். இரும்பைப் பழுக்கக் காய்ச்சிப் பதப்படுத்தும் உலைகளோடு முப்பது ஆண்டுகள். ஓய்வு பெற்றபோது அவருடன் வீட்டுக்கு வந்தவை ஒரு சால்வையும், ஆறாத இருமலும். போன ஆண்டு நவம்பரில் நுரையீரல் மருத்துவர் நிதானமாகச் சொன்னார்: இவர் தூங்கும் அறை குளிரக் கூடாது, முடியாவிட்டால் குளிர்காலத்தை வெப்பமான ஊரில் கழிக்கட்டும். செய்தி மகளுக்குப் போன அன்றே பதில் வந்தது. “அப்பாவ இங்க அனுப்பி விட்ருமா, நான் பாத்துக்கறேன்.” நான் பள்ளி நூலகர், பணி முடிய இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. குளிர்காலம்தான் பள்ளிக்கு மும்முரமான பருவம். ஆக, ஒரு படுக்கையறையைச் சூடாக வைத்திருக்க முடிந்தால் நாங்கள் இருவரும் ஒரு வீட்டில் இருப்போம். முடியாவிட்டால் இரண்டு ஊர்களில். ஹீட்டர் தேடிக் கடை ஏறியது இதற்காகத்தான்.

முதல் கடைக்காரர், ஹீட்டர் என்றதும் குளியலறை கீஸரைக் காட்டினார். வேண்டாம், அறைக்கு என்றேன். வாளித் தண்ணீரில் போடும் கம்பியை எடுத்து வைத்தார். தூங்கும் அறைக்கு, காற்றைச் சூடாக்க என்று என் பள்ளிக்கூட இந்தியில் விளக்கியபோது, இவர்கள் மதராஸிகள், பாவம், இதையே குளிர் என்கிறார்கள் என்று உதவியாளரிடம் மராத்தியில் சொல்லிச் சிரித்தார். முப்பத்தோரு ஆண்டுகளில் எனக்கு மராத்தி புரியும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. கடைசியில் விசிறி வைத்த ஹீட்டர் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, இது மின்சாரமே குறைவாகச் சாப்பிடும் என்றார். வெளியே வந்ததும் கணவர் சொன்னார்: “ரெண்டாயிரம் வாட்டுன்னா ரெண்டாயிரம் வாட்டுதான். கம்மியாத் தின்னுட்டு நெறையாக் கக்குற ஹீட்டர எவன் செஞ்சான்?”

அவர் சொன்னது சரி என்பதை நூலகத்தில் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன். கம்பி சூடேறும் ஹீட்டர்கள் எல்லாமே இந்த விஷயத்தில் ஒரே சாதிதான். வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை இறைத்து உள்ளே தள்ளும் ஏசி மட்டும், அதே மின்சாரத்தில் இரண்டு மூன்று மடங்கு சூடு தரும். அதை வாங்க முடிவு செய்தோம். அதன் வெளிப்பெட்டியை எங்கள் பக்கத்து முகப்புச் சுவரில்தான் மாட்ட முடியும். கட்டடத்தின் அழகு கெடும் என்றார் குடியிருப்புச் சங்கச் செயலாளர். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார். அந்தக் கூட்டம் தள்ளிப்போனது. அடுத்ததும் தள்ளிப்போனது. இடையில் விசிறி ஹீட்டரை வாங்கினோம். அது காற்றை உலர்த்தி அவர் இருமலைக் கூட்டியது. பிறகு எண்ணெய் நிரப்பிய ஹீட்டர். அது மணிக்கணக்கில் ஓடியும் அறை வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. கீஸரையும் சேர்த்துப் போட்டால் மின்சாரம் துண்டித்துக்கொண்டது.

ஜனவரியில் ஒரு மாலை, அதைப் பார்க்க எலக்ட்ரீஷியன் வந்தார். தாபோடிக்காரர், முப்பது வயதிருக்கும். அப்போதுதான் விளக்கேற்றியிருந்தேன். எங்கள் வீட்டில் விளக்கு வைத்ததும் வாசற்கதவைத் திறந்து வைப்போம். விளக்கு தானாக அமரும் வரை, ஏறக்குறைய ஒரு மணி நேரம், அது திறந்தே இருக்கும். லட்சுமி வரும் நேரம். அதைத் திறப்பது கணவரின் பொறுப்பு. திறந்துவிட்டு, கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு கதவருகே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். எலக்ட்ரீஷியன் சுவிட்சுப் பெட்டியைப் பார்த்தார். கதவு திறந்திருந்த படுக்கையறையில் ஓடிக்கொண்டிருந்த ஹீட்டரைத் தொட்டார். குளியலறை ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவே கையை நீட்டிப் பார்த்தார். பிறகு கூடத்துக்கு வந்து, படிக்கட்டிலிருந்து காற்று ஏறிக்கொண்டிருந்த வாசலில் நின்றார்.

“காகா, தர்வாஸா கித்னீ தேர் குலா ரக்தே ஹோ?” என்று கேட்டார். கதவை எவ்வளவு நேரம் திறந்து வைப்பீர்கள் என்ற கேள்விக்கு, விளக்கு அமரும் வரை என்றார் கணவர்.

எலக்ட்ரீஷியன் சிரித்துவிட்டார். தன் அம்மாவும் இதே நேரத்தில் இதே லட்சுமிக்காகக் கதவைத் திறப்பவர்தான், ஆனால் ஐந்து நிமிடம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “காக்கு, லக்ஷ்மி பஸ் மே தோடீ ஆதீ ஹை?” என்றார். ஒரு மணி நேரம் காத்துக்கிடக்க, லட்சுமி என்ன பஸ்ஸிலா வருகிறாள்?

நானும் சிரித்தேன். கணவர் சிரிக்கவில்லை. எனக்குப் பழைய மாலைகள் நினைவுக்கு வந்தன. அவர் பணிமனையிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல், உலைக்கதவை எவனோ அரை நிமிடம் கூடுதலாகத் திறந்து வைத்துவிட்டான், ஒரு லோடு முழுக்க வீண் என்று பொருமிய மாலைகள். எலக்ட்ரீஷியன் போன பிறகு அவரே எழுந்து கதவைச் சாத்தினார். “முப்பது வருசம் உலைக்கதவுக்குக் காவல் இருந்தேன். வீட்டுக்கதவ நானே தெறந்து போட்டுட்டு, பக்கத்துலயே உக்காந்திருந்திருக்கேன் பாரு.”

எனக்கு அவர் மீது கோபமில்லை, என் மீதுதான். ஹீட்டர்களைப் பற்றி அட்டவணை போட்டேன், ஏசிகளின் மின்சிக்கன நட்சத்திரங்களை எண்ணினேன், செயலாளருக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். மாலைதோறும் கண்ணெதிரே திறந்து கிடந்த கதவைப் பார்க்கவில்லை. வெப்பத்தை விரட்டுவதில் தேர்ந்தவர்கள் நாங்கள். ஜன்னலுக்கு மேல் ஒரு திறப்பு, குளியலறையில் கண்ணாடிப் பட்டை, இரண்டு வேளையும் ஈரத்துணியால் துடைத்த தரை. வெப்பத்தைப் பிடித்து வைக்க எங்களுக்கு ஒருவரும் கற்றுத் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தெரிந்துகொண்டபோது காலம் கடந்திருந்தது. அடுத்த வாரமே அவருக்குச் சளி மார்பில் இறங்கி, ஆறு நாள் மருத்துவமனையில் கிடந்தார். மகள் வந்து மதுரைக்கு அழைத்துப் போனாள்.

ஏப்ரலில் திரும்பி வந்தார். ஏசி மாட்ட அனுமதிக் கடிதம் மே மாதம் வந்தது. வெயிலில் சங்கத்துக்காரர்கள் பலருக்கே ஏசி தேவைப்பட்டுவிட்டது. அது எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை. மழைக்காலம் முழுவதும் கணவர் அந்தப் படுக்கையறையை ஓர் உலையைப் போலச் செப்பனிட்டார். கதவடியில் ரப்பர் பட்டை, மேல்திறப்புக்குத் தகடு, கனத்த திரை, தரைக்குச் சணல் விரிப்பு. பகலில் வெயில் ஏறியபின் ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் திறந்து மூடுவது என்று முறை வைத்தார். நவம்பரில் அதே எண்ணெய் ஹீட்டரைப் பாதி அளவில் வைத்தாலே அறையில் சூடு நின்றது. தோசை மாவைக்கூட அங்கே வைத்தேன். காலையில் பாத்திரத்தை மீறிப் பொங்கியிருந்தது.

பத்து நாள் அந்த அறையில் இருந்தார். பதினோராம் நாள் மாலை, விளக்கு வைத்து ஐந்து நிமிடம் முடிந்து வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

“அறை நல்லாத்தான் இருக்கு. கொறை சொல்ல முடியாது. ஆனா இத்தன வருசம் நான் உலைக்கு வெளிய நின்னவன். உள்ள உக்கார முடியல.”

மகளுக்குப் போன் போடச் சொன்னார்.

இப்போது அவர் மதுரையில் மகள் வீட்டு வாசலில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். விளக்கு வைத்ததும் தினமும் அழைக்கிறார். அவர் பக்கத்தில் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்கிறது. என் பக்கத்தில் படிக்கட்டுக் குளிர் காலைத் தொடுகிறது. மாத்திரை, சாப்பாடு, பேரனின் குறும்பு என்று பேசிக்கொண்டே வந்து, நடுவில் ஒரு கணம் நிறுத்துகிறார். “அஞ்சு நிமிசம் ஆச்சு. கதவச் சாத்து.”

சாத்துகிறேன். அவர் செய்த அறை வெதுவெதுப்பாக இருக்கிறது. அதில் நான் இருக்கிறேன்.