வைக்கோலில் விழுந்த காது மிஷின்

முதலமடையில் எங்கள் தெரு அங்கன்வாடியில் பதினெட்டு வருடமாகச் சமைப்பவள் மருதாத்தாள். மாரியம்மனுக்குப் பூ வைக்காமல் அடுப்பைத் தொடமாட்டாள். மூன்று வயது அம்ருதாவுக்குக் காது கேட்கவில்லை என்று முதலில் கண்டுகொண்டது அவள்தான். குக்கர் விசில் அடித்தால் மற்றப் பிள்ளைகள் தட்டைத் தூக்குவார்கள். அம்ருதா மட்டும் சுவரில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருப்பாள்.

"அவ அப்பனும் அஞ்சு வயசுலதானுங்கக்கா பேசுனாரு" என்றாள் தாய் செல்வலட்சுமி.

மருதாத்தாள் வாதாடவில்லை. லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி, தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பல மாதம் அலைந்த பிறகு இரண்டு காதுக்கும் மிஷின் கிடைத்தது. தூங்கும்போதும் குளிக்கும்போதும் தவிர எப்போதும் மாட்டியிருக்க வேண்டும், இந்த வயதில் கேட்டால்தான் பேச்சு எளிதாக வரும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஒரு மாதம் கழித்து மருதாத்தாள் அவர்கள் வீட்டுக்குப் போனாள். மிஷின் சாமி அலமாரியில் இருந்தது. டப்பாவுக்குச் சந்தனம், குங்குமம்கூட வைத்திருந்தார்கள்.

"தொலைஞ்சுபோனா மறுபடி யாருங்க குடுப்பாங்க? ஆஸ்பத்திரிக்குப் போறப்ப மாட்டி உட்டுக்கறேன்."

"ஏ அம்மிணி, அலமாரில இருக்கற அம்மனுக்கு ஏற்கெனவே நல்லாத்தான் காது கேக்குது. கேக்காதவளுக்கு மாட்டி உடு."

செல்வலட்சுமி சிரித்துவிட்டாள். மறுநாளே மாட்டினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கன்வாடி லீவு. செல்வலட்சுமி வேலை செய்யும் மாங்காய் பேக்கிங் ஷெட்டுக்குச் சீசனில் ஞாயிறு கிடையாது; பிள்ளையையும் கூட்டி வந்திருந்தாள். மருதாத்தாளும் பெட்டி அடுக்க வந்திருந்தாள். மத்தியானம் பார்த்தால், பிள்ளையின் இடது காதில் மிஷின் இல்லை. ஷெட் முழுக்கப் பெட்டிக்குள் பரப்பும் வைக்கோல்.

"நான் அப்பவே சொன்னேனுங்களே! இனி இருக்கற ஒண்ணையும் வெளிய எடுக்கவே மாட்டேன்" என்று செல்வலட்சுமி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மருதாத்தாள் யோசித்தாள். போனது ஒரு மிஷின். இவள் மனம் மாறிவிட்டால் பிள்ளையின் பேச்சே போய்விடும். ஆஸ்பத்திரியில் ஒன்று காட்டியிருந்தார்கள்: மிஷினைக் கழற்றி, அணைக்காமல் மூடி வைத்தால், அது கீச்சென்று சத்தம் போடும்.

"ஆரும் பேசாதீங்க! டிஜோ, லாரிய நிறுத்து!"

"சேச்சி, கொச்சிக்குப் போற லோடு. மாங்கா வழியிலயே பழுத்துரும்."

"பழுத்தா நீயே உக்காந்து தின்னு. நிறுத்து சாமி!"

லாரி டிரைவர் டிஜோ இஞ்சினை அணைத்தான். பத்துப் பதினைந்து பேர் மூச்சை அடக்கி நின்றார்கள். மருதாத்தாளின் உதடு மட்டும் அம்மன் பெயரை முணுமுணுத்தது. மூலையில், வைக்கோலுக்கு அடியில், கொசு போல ஒரு கீச்சல் கேட்டது.

செல்வலட்சுமிதான் ஓடிப்போய்த் தோண்டி எடுத்தாள். முந்தானையில் துடைத்து, கைக்குள் மூடிக்கொண்டு நின்றாள்.

டிஜோ லாரியை ஸ்டார்ட் செய்தான். வலது காதில் மிஷின் இருந்த அம்ருதா திடுக்கிட்டுத் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு லாரிப் பக்கம் திரும்பினாள். செல்வலட்சுமி பிள்ளையைப் பார்த்தாள். குனிந்து மிஷினை இடது காதில் மாட்டினாள்.

"நூலு இருக்குதுங்களாக்கா? சட்டையோட சேத்துக் கட்டிரலாம்."

மருதாத்தாள் சுருக்குப்பையிலிருந்து பூக்கட்டும் நூலை எடுத்தாள்.

"ரெண்டு காதுக்கும் கட்டுங்க. நாளைக்கு இவ அங்கன்வாடிக்கும் மாட்டிக்கிட்டு வரோணுமில்லீங்க" என்றாள் செல்வலட்சுமி.