மகளின் மாத்திரையில் ஒரு கிரிவலம்

மகளின் கவனக் குறைபாட்டுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நான் திருடித் தின்றேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. பதினாலு கிலோமீட்டர் கிரிவலத்தை இரண்டே மணி நேரத்தில் முடிப்பதாக வேங்கிக்கால் ஆபீசில் சவால் விட்டிருந்தேன்; அந்த மாத்திரை தெம்பு கொடுக்கும் என்று எங்கோ படித்திருந்தேன்.

காலை ஐந்து மணிக்கு அதை விழுங்கிவிட்டுக் கிளம்பினேன். நிறைமாதக் கர்ப்பிணி போல மெல்ல நடக்கவேண்டிய பாதையில் பிரேக் இல்லாத லாரி போல ஓடினேன். எந்த லிங்கத்துக்கும் கும்பிடு கிடையாது. அடி அண்ணாமலை தாண்டியதும் நெஞ்சு தாறுமாறாக அடித்தது. செத்தேன் என்றே நினைத்தேன்.

இளநீர் விற்ற அம்மா என்னைப் பிடித்து உட்காரவைத்தார். "இன்னா சார் அவசரம்? ஆட்டோ வர்ற வரைக்கும் பேசாம மலைய பாருங்க."

பார்த்தேன். பிறந்த ஊர்தான்; ஆனால் அப்படிப் பார்த்ததில்லை. வெயில் பாறை பாறையாக இறங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய ஒன்று சும்மா நின்றது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தும் ஜன்னல் வழியே அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது மணிக்கு நெஞ்சு அடங்கியது.

ஓடிவந்த மகளிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, "மலைதாம்மா காப்பாத்துச்சு" என்றேன். கண் கலங்கிவிட்டது.

"மலை இல்லப்பா. அந்த மாத்திரையோட வேகம் நாலு மணி நேரத்துல தானா எறங்கிடும். தெனமும் போடறேன், எனக்குத் தெரியாதா?"