கரடியண்ணன் கழுவிய கோட்டு

தீயணைப்பு நிலையத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "கரடியண்ணே" என்றால்தான் திரும்புவார். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உருவம். தீயை அணைத்துவிட்டு வெளியே வரும்போது கண்ணின் வெள்ளையும் பல்லும் தவிர மற்றதெல்லாம் ஒரே கறுப்பு. எங்கே தீப்பிடித்தாலும் குழாயின் முனையைப் பிடித்துக்கொண்டு முதலில் உள்ளே போகிறவர் அவர்தான்.

அவருடைய கோட்டு வந்த புதிதில் மஞ்சளாக இருந்ததாம். அதை நேரில் பார்த்தவர்கள் யாரும் இப்போது வேலையில் இல்லை. கரியும் புகையும் உருகிய தாரும் ஏறி ஏறி அது தானாகவே எழுந்து நிற்கும் பதத்துக்கு வந்திருந்தது. கழுவலாமே என்று யாராவது சொன்னால், "எதுக்கு? என் சர்வீஸ் பூரா இதுலதான் இருக்கு. கழுவி விட்டா நாளைக்கு நானும் புது ஆளு மாதிரி நிக்கணுமா?" என்பார். அவர் மட்டுமல்ல, நிலையத்தில் எல்லாருக்கும் அதே நினைப்புதான். கோட்டு எவ்வளவு கறுப்போ அவ்வளவு மரியாதை. வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்த ஒல்லி ஆள் ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் குச்சி. புதுக் கோட்டு கொடுத்த அன்று குச்சி கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து அதில் அடுப்புக்கரியைத் தேய்த்துக்கொண்டிருந்ததைக் கரடியண்ணன் பார்த்துவிட்டார்.

"என்னடா பண்றே?"

"பளபளன்னு மாப்பிள்ளை கோலத்துல இருக்குண்ணே. போட்டுக்கவே வெட்கமா இருக்கு."

கரடியண்ணன் சிரிக்கவில்லை. முந்தின வாரம் எரிந்த வீட்டிலிருந்து வந்த கட்டை ஒன்றைத் தேடி எடுத்து வந்து கொடுத்தார். "இதுல தேய். இதுதான் நல்லாப் பிடிக்கும்."

வேலை முடிந்ததும் கோட்டை வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார். கூடத்துக் கதவுக்குப் பின்னால் அதற்கென்று ஒரு பெரிய கொக்கி. திடீரென்று கூப்பிட்டால் வீட்டிலிருந்தே ஓடலாம் என்பது வெளியே சொல்கிற காரணம். சாப்பிடும்போது அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டும் என்பது அவர் மனைவிக்கு மட்டும் தெரிந்த காரணம். ஒரே மகள் அந்த வாசனையோடுதான் வளர்ந்தாள். சின்ன வயதில் ஜன்னலில் நின்று மூக்கை உறிஞ்சிவிட்டு, "அம்மா, அப்பா தெருமுனைக்கு வந்துட்டாங்க" என்பாள். ஒருநாளும் தப்பியதில்லை.

அந்த மகள் வளர்ந்து, ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கிற வேலைக்குப் போய், கல்யாணமாகி, கைக்குழந்தையோடு அம்மா வீட்டுக்கு வந்தாள். பேத்தி பிறந்தது வேறு ஊரில். கரடியண்ணன் போட்டோவில் பார்த்ததோடு சரி. வேலையிலிருந்து வந்த வேகத்தில் கோட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டு இரண்டு கையையும் நீட்டினார்.

"நில்லுங்கப்பா!"

மகள் குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கொஞ்சம் பஞ்சை நனைத்து எடுத்து வந்தாள். கோட்டின் கையை ஒரு தரம் துடைத்தாள். அவருடைய கழுத்தை இன்னொரு பஞ்சால் ஒரு தரம் துடைத்தாள். இரண்டையும் அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். எது எதிலிருந்து வந்தது என்று சொல்ல முடியவில்லை.

"இது என்ன?"

"உழைப்பு" என்றார்.

"உழைப்பு இல்லப்பா. எரிஞ்ச பிளாஸ்டிக்கு, ரப்பரு, சோபாப் பஞ்சு. தோல் வழியாவே உள்ள போற விஷம். இந்தக் கோட்டு இங்க தொங்குற வரைக்கும் நீங்க பிள்ளையைத் தொடக்கூடாது."

"உன்னை எப்படிடி வளர்த்தேன்? இதே கோட்டோடதானே தூக்கினேன்?"

"அப்போ எனக்குப் பேச வராது. அதான் சும்மா இருந்தேன்."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். கரடியண்ணனுக்கு முகம் விழுந்துவிட்டது. எத்தனையோ பேர் வீட்டுப் பிள்ளைகளைப் புகைக்குள்ளிருந்து தூக்கி வந்த கை. சொந்தப் பேத்தியைத் தூக்க அனுமதி இல்லை.

மறுநாள் மனைவி கடைக்குப் போயிருந்தாள், மகளும் குழந்தையும் தூக்கம். கரடியண்ணனுக்கு ஒரு யோசனை உதித்தது. கோட்டு அழுக்காக இருப்பதுதானே குறை? வீட்டில்தான் வாஷிங் மெஷின் இருக்கிறதே! கோட்டை அதற்குள் அடைத்து, முழங்காலால் அழுத்தி, மூடியைச் சாத்தினார். மெஷின் இரண்டு சுற்றுச் சுற்றியதும் குளியலறை முழுக்கக் குதிக்க ஆரம்பித்தது. சத்தம் கேட்டு மகள் எழுந்துவிடுவாளே என்று அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். அதுவும் அவருமாகச் சேர்ந்து குதித்தார்கள். வெளியேறிய தண்ணீர் மை மாதிரி இருந்தது. கடைசியில் கோட்டை எடுத்துப் பார்த்தபோது முழங்கைப் பக்கத்தில் ஒரு கையளவு மஞ்சள் தெரிந்தது. பின்பக்கத்துக் கொடியில் உலர்த்திவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் விசிலடித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

கடையிலிருந்து வந்த மனைவி, விஷயம் தெரியாமல், பேத்தியின் துணிகளை எல்லாம் அதே மெஷினில் போட்டாள்.

குழந்தையின் சட்டை, துண்டு, குல்லா, காலுறை எல்லாம் புறா நிறத்தில் வெளியே வந்தன. மனைவி குல்லாவை ஒரு விரலில் மாட்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றாள்.

"ஏங்க, இது என்ன நிறம்?"

விசில் நின்றது.

மகள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் குல்லாவை வாங்கிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா, நான் கோபத்துல சொல்லலை. பயத்துல சொல்றேன். பிள்ளைக்காக மட்டும் இல்ல. இதை நீங்க எத்தனை வருஷமா உடம்பு மேல போட்டுட்டு இருக்கீங்க, யோசிச்சுப் பாருங்க." அப்புறம் எழுந்து போய்ப் பெட்டியை எடுத்து வைத்தாள். மாமியார் வீட்டுக்கு மறுநாள் சாயங்காலம் வண்டி.

கரடியண்ணன் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் ஈரம் காயாத கோட்டைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்குப் போனார். வண்டி கழுவுகிற பிரஷ், ஒரு வாளி, சோப்புத் தண்ணீர் எல்லாம் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து தேய்த்தார். கூட்டம் கூடிவிட்டது.

"என்னண்ணே, கோட்டுக்கு நிச்சயதார்த்தமா?" என்றார் குச்சி.

வண்டி ஓட்டுகிற அக்கா கேபினிலிருந்து தலையை நீட்டினாள். "நல்லாத் தேய்ங்கண்ணே. உள்ளே வேற யாராவது இருக்கப்போறாங்க."

குழாய்களைக் காயப்போடுகிற கம்பியில் அதைத் தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டாக வடிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் மணி அடித்தது. மெத்தைக் கிடங்கில் தீ.

பழக்கதோஷத்தில் ஈரக் கோட்டையே எடுத்து மாட்டப் போனார். நிலைய அதிகாரி கையைப் பிடித்துவிட்டார். "பைத்தியமா உனக்கு? ஈரத்தோட உள்ள போனா சூட்டுல தண்ணி ஆவியாகி உன்னையே அவிச்சுடும். வேற கோட்டு எங்கே?"

வேறு கோட்டு ஏது? ஆளுக்கு ஒன்றுதான். கழுவாமல் இருந்ததற்குப் பெருமை ஒரு காரணம் என்றால் இது இன்னொரு காரணம். இதைப் பற்றி மட்டும் யாரும் பேசியதில்லை. குச்சியின் கோட்டை மாட்டிப் பார்த்தார். ஒரு கை பாதி வரை போய் நின்றுவிட்டது.

"நீ இன்னைக்கு உள்ள போகலை. பம்புகிட்ட நில்லு" என்றார் அதிகாரி. குழாய் முனை குச்சியின் கைக்குப் போனது.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தீயை வெளியே நின்று பார்த்தது அன்றுதான். கை காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "அண்ணே, கொஞ்சம் சும்மா நில்லுங்க, பம்பு ஓடிப்போயிடாது" என்று ஓட்டுநர் அக்கா இரண்டு தரம் சொல்லிவிட்டாள். தீ அடங்கி ஆட்கள் வெளியே வந்தார்கள். ஒரே கறுப்பு. முகமூடியைக் கழற்றினார்கள். கரிக் கையுறையாலேயே வாயைத் துடைத்தார்கள். அதே கையால் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து குடித்தார்கள். குச்சி ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து, கறுத்த விரல்களால் எடுத்து வாயில் போடப் போனார். அதே கோட்டுகளோடு வண்டிக்குள் ஏறி, ஜன்னலைச் சாத்தி, நிலையம் வரைக்கும் அந்தக் காற்றைத்தான் சுவாசித்துக்கொண்டு போவார்கள். இத்தனை நாள் அவரும் அவர்களில் ஒருவர். அதனால் இது கண்ணில் பட்டதே இல்லை.

புறா நிறத்துக் குல்லா ஞாபகம் வந்தது.

"நில்லுங்கடா!" இரண்டு கையையும் விரித்து வண்டியின் கதவை மறித்துக்கொண்டார். அவர் மகள் கத்திய மாதிரியே. "ஒருத்தனும் ஏறக்கூடாது. டேய், அந்த பிஸ்கட்டைக் கீழ போடு."

"ஒண்ணே ஒண்ணுண்ணே..."

"போடுடா!"

ஓட்டுநர் அக்காவுக்கு என்ன புரிந்ததோ, பம்பின் வேகத்தைக் குறைத்து, சின்னக் குழாயை எடுத்துக் கையில் கொடுத்தாள். கரடியண்ணன் ஒவ்வொருவரையாக நிறுத்தி, தலைக்கவசத்திலிருந்து பூட்ஸ் வரை தண்ணீர் அடித்து, வண்டி பிரஷ்ஷால் தேய்த்தார். திரும்பு என்றார், கையைத் தூக்கு என்றார், அக்குளைக் காட்டு என்றார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கிடங்கை விட்டுவிட்டு இதைப் பார்க்க ஆரம்பித்தார்கள். "இவங்க அணைக்கிறதும் அணைச்சு, குளிச்சுட்டும் போறாங்கப்பா!" என்று ஒரு குரல். குச்சிக்குக் கூச்சம் தாங்கவில்லை, நெளிந்தார்.

கடைசியாக அதிகாரி வந்தார்.

"ஐயா, நீங்களும்."

அதிகாரி எல்லாரையும் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் விரித்து நின்றார். "முதுகுல கொஞ்சம் மெதுவா" என்றார்.

கோட்டுகளைச் சாக்கில் கட்டி வண்டியின் மேல் போட்டார்கள். எல்லாரும் பனியனோடு நடுங்கிக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு திரும்பினார்கள். போய்ச் சேர்ந்தபோதுதான் அதிகாரிக்கு உறைத்தது: நிலையத்தில் ஒரு காய்ந்த கோட்டுகூட இல்லை. தலைமையகத்துக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டது வாசல் வரை கேட்டது. "இப்போ ஒரு அழைப்பு வந்தா என் ஆளுங்க பனியனோடவா போறது? ஆமாங்க, கழுவிட்டோம். கழுவக்கூடாதுன்னு எழுதிக் கொடுங்க, நான் சுவத்துல ஒட்டி வைக்கிறேன்." துணி காய்கிற வரை பக்கத்து நிலையம் பார்த்துக்கொண்டது. எழுதித்தர யாரும் துணியவில்லை. மாற்றுக் கோட்டுகள் கொஞ்ச நாளில் வந்தன. வந்தது அத்தனையும் கரடியண்ணன் அளவு. மாற்றி அனுப்புகிற வரை குச்சி கைகளை மடித்து மடித்து, கூடாரத்துக்குள் இருக்கிறவர் மாதிரி நடந்தார்.

அன்று சாயங்காலம் கரடியண்ணன் நிலையத்திலேயே தலை முழுகி, நகக்கண் வரை தேய்த்து, வேறு சட்டை போட்டுக்கொண்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார். வாசலில் பெட்டி இருந்தது. கதவைத் திறந்த மகள் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"கோட்டு?"

"இனிமே அதுக்கு வீடு அங்கதான். கொக்கியையும் பிடுங்கிடறேன்."

மகள் நெருங்கி வந்து அவர் தலையை மோந்தாள், கழுத்தை மோந்தாள். "காதுக்குப் பின்னாடி?"

"தேய்ச்சாச்சு."

காதை மடக்கிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பேத்தியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். அந்தப் பெரிய கைகள் குழாய் முனையைப் பிடிக்கிற மாதிரி விறைத்துக்கொண்டு நின்றன. பேத்தி அவர் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு ஒரு தும்மல் போட்டாள்.

"சோப்பு ஜாஸ்தியாயிடுச்சோ?" என்றார் பயந்துபோய்.

"தூக்கிப் பழகுங்க, சரியாயிடும்" என்றாள் மகள். பெட்டி உள்ளே போனது.

அதற்குப் பிறகு அந்த நிலையத்து வண்டியில் ஒரு வாளியும் பிரஷ்ஷும் எப்போதும் இருந்தன. கரடி வாளி என்று பெயர். அவர் ஓய்வு பெற்ற பிறகும் வாளி ஓய்வு பெறவில்லை. பேத்தி வளர்ந்து பள்ளிக்கூடம் போனாள். அவளுக்குத் தாத்தா என்றால் சோப்பு வாசனை. புகையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் கண்ணயர்ந்தவர் அப்படியே போய்விட்டார். முகம் சாதாரணமாகத்தான் இருந்தது, யாரோ சொன்ன ஜோக்கைக் கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி.

செய்தி போனபோது நிலையத்து ஆட்கள் ஒரு தீயில் இருந்தார்கள். அங்கிருந்து நேரே வந்தார்கள். வண்டி தெருமுனையில் நின்றது. ஜன்னலில் நின்ற மகள் தன்னை அறியாமல் மூக்கை உறிஞ்சினாள். புகை வாசனை எதுவும் வரவில்லை. வாசலுக்கு வந்தபோது அவர்கள் படிக்குக் கீழே வரிசையாக நின்றார்கள், பனியனும் சொட்டுகிற தலையுமாக. முன்னால் குச்சி, இப்போது முடியெல்லாம் நரைத்துப்போய்.

"உள்ள வரலாமாம்மா?"

அழுது சிவந்திருந்த கண்களோடு அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"காதுக்குப் பின்னாடி?"

"தேய்ச்சாச்சும்மா" என்று குச்சி காதை மடக்கிக் காட்டினார். பின்னால் நின்ற அத்தனை பேரும் காதை மடக்கிக் காட்டினார்கள்.

அவள் கதவை விட்டு விலகி வழிவிட்டாள்.