அண்ணி கழுவிய தட்டு

கல்லூரியில் என் மேசைமேல் ஓர் எவர்சில்வர் தட்டு நிற்கிறது. ஏதோ போட்டியில் வாங்கிய பரிசு என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில், என் அண்ணி வீட்டு ஜன்னலில் ஆராய்ச்சிக்காக நான் வைத்த தட்டு அது.

தங்கவயலில் சுரங்கங்கள் மூடிய பிறகும் அவை கக்கிய மண் குன்று குன்றாகக் கிடக்கிறது. காற்றடிக்கும்போது அது வீடுகளில் எவ்வளவு படிகிறது என்பதே என் முனைவர் பட்ட ஆய்வு. அங்கே பாலகாட், சாம்பியன் ரீப்ஸ் என்ற சுரங்கக் குடியிருப்புகளில் சில வீடுகளில் தட்டு வைத்துவிட்டு, பெங்களூரு விடுதியிலிருந்து மாதாமாதம் ரயிலேறி வந்து தூசியைச் சேகரிப்பேன். "செய்யறத நாலு பேருக்குச் சொல்லும்மா, இல்லேன்னா யாருக்குத் தெரியும்?" என்று என் ஆய்வு நெறியாளர் அம்மா நச்சரித்ததால், சமூக ஊடகத்தில் ஒரு கணக்கும் தொடங்கினேன்.

நான் பெரிய ஆங்கிலத்தில் வரைபடம் போடுவேன். முதல் ஆளாக அண்ணி வந்து, "சூப்பர் மா, சாப்டியா?" என்று கேட்டிருப்பார். பேராசிரியர்கள் நடமாடும் இடத்தில் மானம் போகிறதே என்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

வேடிக்கை என்னவென்றால், மண்குன்றுக்கு நேர் எதிரே இருக்கும் அண்ணி வீட்டில்தான் தூசி மிகக் குறைவு! காற்று அந்த வீட்டைத் தாண்டிப் போய் இறங்குகிறது என்று என் ஆய்வுக் கட்டுரையில் ஒரு விளக்கமே எழுதிவிட்டேன். அந்தக் கட்டுரை ஆய்விதழில் வந்தால்தான் பட்டம். அதை அனுப்பப்போகும் வாரத்தில் வரைபடத்தைப் பதிவிட்டேன். "அந்த வீட்டில் மட்டும் ஏன் குறைவு?" என்று வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், மொழிபெயர்ப்புப் பொத்தானைத் தட்டிப் படித்த அண்ணி முந்திக்கொண்டார்.

"அது எங்க வூடு தான் சார். கம்மியா இல்லாம? வாரா வாரம் நான் தான தேச்சுக் கழுவி வெக்கிறேன்!"

அந்தப் பதிலை அழித்துவிடலாமா என்று என் விரல் போனது. அதற்குள் பேராசிரியரும் மொழிபெயர்த்துப் படித்து, ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டார். போனில் அண்ணியிடம் கத்தினேன். "இன்னா மா கேக்கற? தூசியோட தட்டு கெடந்தா வர்றவங்க இன்னா நெனப்பாங்க?" என்றார் அவர். நெறியாளர் அம்மாவோ விழுந்து விழுந்து சிரித்தார். "அச்சான பிறகு தெரிஞ்சிருந்தா நம்ம ரெண்டு பேர் மானமும் போயிருக்கும். முதல்ல அண்ணிக்கு ஸ்வீட் வாங்கிட்டுப் போ" என்றார்.

அடுத்த காற்றுக்காலம் முழுக்க அண்ணி அந்தத் தட்டைத் தொடவில்லை. வீட்டைக் கண்ணாடியாக வைத்திருப்பவருக்கு அது எத்தனை பெரிய தண்டனை! "இன்னா, ஜன்னலத் தொடைக்கறதே இல்லியா?" என்று அக்கம்பக்கத்தார் கிண்டல் செய்தபோதெல்லாம், "எங்க நாத்தனார் படிப்பு மா அது, யாரும் கைய வெக்காதீங்க" என்று காவல் காத்தார். கடைசியில் எல்லா வீட்டையும்விட அங்கேதான் தூசி அதிகம். அந்தக் கணக்கில்தான் பட்டம் வாங்கினேன்.

இப்போதும் எதைப் பதிவிட்டாலும் அண்ணியின் "சாப்டியா?" வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. மேசைமேல் இருக்கும் தட்டில் கொஞ்சம் தூசி படிந்தாலும் மனசு கேட்பதில்லை. எடுத்துப்போய்த் தேய்த்துக் கழுவி வைத்துவிடுகிறேன்.