முதல் திருகல்

எழுபதுகளின் தொடக்கத்தில், வேலணையில் எங்கள் வீட்டுப் படலைக்கு அருகே ஒரு பனையோலைக் கொட்டிலில் நான் பாட்டுப் பெட்டிகள் செய்துகொண்டிருந்தேன். யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு றேடியோ திருத்தும் கடையில் நாலு வருடம் ஈயம் ஒட்டிப் பழகியவன் நான். வெளிநாட்டுச் சாமான்கள் வருவது ஏறத்தாழ நின்றுபோன காலம் அது. உடைந்த றேடியோக்களைப் பிரித்து, கிடைத்ததைக் கொண்டு நாங்களே ஒப்பேற்ற வேண்டியிருந்தது. மூக்கறுந்த ஊரில் என் போன்றவன்தான் முழு மூக்கன். அந்த நினைப்பு எனக்குக் கொஞ்சம் கூடவே இருந்தது.

நான் அதிகம் செய்தது பிரீஅம்ப் என்கிற சின்னப் பெட்டி. றெக்கோட் ஊசியிலிருந்து வரும் சத்தம் மிகவும் மெல்லியது. அதைக் கொஞ்சம் வளர்த்து, கூட்டிக் குறைக்க ஒரு குமிழும் வைத்து, பெரிய அம்பிளிஃபயருக்கு அனுப்புவது அந்தப் பெட்டியின் வேலை. பழைய பிஸ்கற் தகரத்தை வெட்டி வளைத்து, உள்ளே இரண்டு ட்ரான்சிஸ்டரைப் பூட்டி, வெளியே கறுப்புச் சாயம் அடித்துக் கொடுப்பேன். வாங்கியவர்கள் ஆசிரியர்கள், தபால்காரர்கள், தோட்டம் செய்கிறவர்கள். எல்லாருக்கும் கைக்கு எட்டிய விலை.

அந்தப் பெட்டியில் எனக்கு மானக்கேடான இடம் ஒன்று உண்டு. அது வொலியூம் குமிழ்.

காது விசித்திரமானது. சத்தத்தை இரண்டு மடங்காக்கினாலும் அதற்குக் கொஞ்சம் கூடினது போலத்தான் தெரியும். ஆகவே நல்ல வொலியூம் கொன்ட்ரோல் தொடக்கத்தில் மிக மெதுவாகவும் போகப்போக வேகமாகவும் ஏற வேண்டும். அப்படிச் செய்தவை அந்நாளில் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவை ஒரே சீராக ஏறுகிற வகை. அதைப் பூட்டினால் முதல் கால்வாசித் திருகலுக்குள்ளேயே காதுக்கு வேண்டிய சத்தமெல்லாம் வந்து முடிந்துவிடும். மிச்ச முக்கால்வாசியும் சும்மா சுற்றுவதற்குத்தான். மலிந்த சரக்கென்றால் இன்னும் மோசம். தொடக்கத்தில் ஒன்றும் கேட்காது. பிறகு ஒரு மயிரிழை திருப்பியதும் வீடதிரக் கத்தும்.

இதற்கு ஒரு கைமருந்து உண்டு. குமிழின் நடுக்காலிலிருந்து எர்த்துக்கு ஒரு சின்ன றெசிஸ்ரரை ஒட்டிவிட்டால், சீராக ஏறுகிற குமிழும் ஏறத்தாழக் காது விரும்புகிற மாதிரி ஏறத் தொடங்கும். சத்தத்தில் கொஞ்சம் இழப்பு வரும். அதை ஈடுசெய்ய இன்னொரு ட்ரான்சிஸ்டர் போட வேண்டும். மொத்தத்தில் அரை மணி நேர வேலை.

எனக்கு அது தெரியும். தெரிந்தும் செய்யவில்லை. ஏனென்றால் எங்கள் பக்கத்து ஆட்கள் பெட்டியைச் சோதித்துப் பார்க்கிற விதம் அப்படி. வருகிறவர் கதிரையில் இருக்க மாட்டார். நின்றபடியே குமிழைப் பிடித்து ஒரு நூல் அளவு திருப்புவார். உடனே சத்தம் அடுத்த வளவுக்குப் போனால், "இவ்வளவுக்கே இப்பிடியெண்டா முழுக்கத் திருப்பினா என்ன நடக்கும்" என்று தலையை ஆட்டி வாங்கிக்கொண்டு போவார். ஒருவரும் முழுக்கத் திருப்பிப் பார்த்ததில்லை. என் பெட்டிக்கு முதல் திருகலிலேயே கத்துகிற பெட்டி என்று தீவெல்லாம் பெயர். நான் அந்தப் பெயரைத் திருத்தப் போகவில்லை. அதை உடுத்துக்கொண்டு திரிந்தேன்.

அக்கா அப்போது எங்களோடு இருந்தாள். அவளை நயினாதீவில் கட்டிக் கொடுத்திருந்தது. அத்தான் தெற்கே ஒரு பட்டினத்தில் கடை வைத்திருந்தவர். செங்கமாரிக் காமாலை வந்து பத்து நாளில் போய்விட்டார். கடைக்கு மேலிருந்த அறையைக் காலிசெய்துகொண்டு, இரண்டு வயது மகளோடு அக்கா வேலணைக்கு வந்தாள். அத்தானின் தாயை நாங்கள் மாமி என்போம். மாதாமாதம் அத்தானுக்குக் கொடுக்கும் மாசியத் திதிக்கு, நயினாதீவிலிருந்து கடல் கடக்க லோஞ்சு ஏறி, பிறகு பஸ் ஏறி, மாமி எங்கள் வீட்டுக்கு வருவா. வந்தால் அக்காவின் தலையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டு நெடுநேரம் இருப்பா. "ஆட்டத் திவசம் முடிய நீ என்னோடை வந்திடு பிள்ளை. அவன் உனக்கெண்டு கட்டின அறை அங்கை சும்மாதானே கிடக்கு" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவா. அக்காவுக்கும் அதுதான் ஆசை. அம்மாவும் ஐயாவும் அவளை எவ்வளவு அன்பாக வைத்திருந்தாலும், அந்த அறைதான் தன் வீடு என்று அவள் நினைத்திருந்தாள்.

துக்க வீட்டில் ஆட்டத் திவசம் என்கிற முதலாண்டுத் திதி வரைக்கும் பாட்டுப் போடக்கூடாது. எங்கள் றேடியோவுக்கும் அம்மா துணி போட்டு மூடிவிட்டா. என் கொட்டிலை என்ன செய்வது என்று கேட்டபோது மாமியே வழி சொன்னா. "தொழில் தொழில்தான் தம்பி. உம்மடை கொட்டிலிலை சத்தம் வந்தா ஆரும் குறை சொல்ல மாட்டினம். வீட்டுக்குள்ளை மட்டும் வேண்டாம்."

நாலாம் மாதம் அக்கா என்னிடம் வந்தாள். அத்தானின் றெக்கோட் பிளேயரும் தட்டுகளும் அவள் கொண்டுவந்த சாமான்களுக்குள் இருந்தன. இரவில் கடை பூட்டி மேலே வந்ததும் அத்தான் ஒரு தட்டைப் போடுவாராம். துள்ளலான ஒரு படப்பாட்டு. அதைக் கேட்டுக்கொண்டுதான் சாப்பிடுவாராம்.

"அதை ஒருக்காக் கேக்கவேணும் போலை கிடக்கு தம்பி. வெளியிலை கேக்கக் கூடாது. என்ரை காதுக்கு மட்டும் கேட்டாக் காணும். அப்பிடி ஒண்டு செய்து தருவியே?"

ஓம் என்றேன். செய்ததென்னவோ வேறு. கொட்டிலில் விற்பனைக்கு இருந்த பெட்டி ஒன்றை எடுத்து, ஒரு பழைய றேடியோவின் அம்பிளிஃபயரோடும் ஸ்பீக்கரோடும் இணைத்து, அவளின் அறையில் பூட்டிவிட்டு வந்தேன். மெல்லக் கேட்பதற்கென்றே என்னிடம் கேட்ட ஒரே ஆள் அவள். அவளுக்கும் கத்துகிற பெட்டியையே கொடுத்தேன்.

அவள் இரண்டு மூன்று தரம் வந்து சொன்னாள். "கொஞ்சம் திருப்பினாலே கத்துது தம்பி. அதுக்கு இஞ்சாலை ஒண்டுமே கேக்குதில்லை." நான் ஏதோ பெரிய வேலையில் மூழ்கியவன் மாதிரி நிமிராமலே, "மெள்ளமாத் திருப்புங்கோ அக்கா, பழகச் சரிவரும்" என்றேன். அவள் ஸ்பீக்கரை அலுமாரிக்குள் சேலைகளுக்கு நடுவே வைத்து, கதவைச் சாத்தி, கதவில் காதை வைத்துக் கேட்டாள். ஒரு நாள் அதைக் கண்டு நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

எட்டாம் மாசியத்துக்கு முதல் நாள் பின்னேரம் காரைநகரிலிருந்து ஒருவர் பெட்டி வாங்க வந்திருந்தார். கந்தோர் உத்தியோகத்தர். என் பெட்டியின் புகழைக் கேள்விப்பட்டு, பஸ் மாறி வந்தவர். கொட்டிலில் இருந்த பெட்டியின் மூடியைக் கழற்றி அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அதை இன்னும் ஸ்பீக்கரோடு இணைக்கவில்லை.

அந்த நேரம் வீட்டுக்குள்ளிருந்து பாட்டுக் கிளம்பியது. அலுமாரிக் கதவு திறந்திருந்ததோ, அக்காவின் விரல் தவறியதோ தெரியாது. முற்றம் முழுவதும் அந்தத் துள்ளல் பாட்டு. இரண்டு வரி கூட இல்லை. சட்டென்று அடங்கிவிட்டது.

வந்தவர் வாயைப் பிளந்தார். "இதுதானே தம்பி நீர் செய்யிற செற்? இந்தப் பெட்டியே பாடினது?"

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். கொட்டில் சத்தம் தொழில் சத்தம். ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் என் தலைக்குள் அப்போது கனம் ஏறியிருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அவருக்கு நன்றாகக் கேட்கும்படி சொன்னேன்.

"இது இல்லை அண்ணை. அது அக்காவின்ரை அறையிலை இருக்கிறது. அவ பாட்டுக் கேக்கிறதுக்கெண்டு செய்து குடுத்தனான். நூல் அளவுதான் திருப்பியிருப்பா, அதுக்கே பாருங்கோவன்."

அவர் என்னைப் பார்க்காமல் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். நான் திரும்பினேன். படலையைப் பாதி திறந்தபடி மாமி நின்றா. கையில் நாகபூசணி அம்மன் கோயில் பிரசாதப் பை. அடுத்த நாள் சோளகக் காற்று எழும்பும், லோஞ்சு ஓடாது என்று யாரோ சொன்னதால் ஒரு நாள் முந்தி வந்திருந்தா. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் என்னுடையது, கெட்டது வேறொருத்தி.

மாமி கோபப்படவில்லை. உள்ளே வந்து பேத்தியைத் தூக்கிக் கொஞ்சினா. திருநீற்றை அம்மாவின் கையில் கொடுத்தா. அக்கா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டியபோது, "தாகமில்லைப் பிள்ளை" என்றா. அத்தனை தூரம் வெயிலில் வந்த மனுசி அந்தச் செம்பைத் தொடவில்லை. அக்காவின் தலையையும் தொடவில்லை. கடைசி லோஞ்சைப் பிடிக்க வேண்டும் என்று அரை மணி நேரத்தில் போய்விட்டா.

மாமி போன பிறகு நான் அக்காவின் அறை வாசலில் நின்று, "படலையடியிலை நிக்கேக்கை பாட்டுச் சத்தம் மாமிக்குக் கேட்டிட்டுது போலை" என்றேன். அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "ஓம்" என்றாள். அது மாமியின் மகனுடைய தட்டு, அதையன்றி வேறு எதையும் அக்கா கேட்டதில்லை, அதுவும் அலுமாரிக் கதவில் காதை வைத்துத்தான் கேட்டாள் என்று நயினாதீவுக்குப் போய் மாமியிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. பழி என் வாயில்தான் என்றும் சொல்ல வேண்டும். காற்று அடங்கட்டும் என்று இருந்தேன். காற்று அடங்கியது. பிறகு கையில் வேலை இருக்கிறது என்று இருந்தேன்.

ஒன்பதாம் மாசியத்துக்கு மாமி வரவில்லை. பத்துக்கும் வரவில்லை. ஆட்டத் திவசத்துக்குக் கிட்ட அத்தானின் தம்பி வந்து படலையில் நின்றபடி சொன்னார்: "அங்கை நாங்கள் செய்யிறம். அண்ணி சின்னப் பிள்ளையோடை கடல் கடந்து வந்து கஷ்டப்பட வேண்டாமாம். இஞ்சை ஒரு விளக்கு வைச்சாக் காணுமாம்." தன் புருசனின் ஆட்டத் திவசத்துக்கு அக்காவை அழைக்கவில்லை. அவள் அத்தானின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி வைத்துவிட்டு, குசினிக்குள் போய் எங்களுக்குச் சமைத்தாள்.

அதற்கு அடுத்த நாள் அவளின் பெட்டியைக் கழற்றி அந்தச் சின்ன றெசிஸ்ரரை ஒட்டினேன். அரை மணி கூட ஆகவில்லை. குமிழ் அருமையாக வேலை செய்தது. பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளைக்குக் கூடக் கேட்காத அளவுக்கு மெல்ல வைக்கலாம். கொண்டுபோய்க் கொடுத்தேன். "இனி என்னத்துக்குத் தம்பி, ஆருக்கும் குடு" என்றாள். பிறகு செய்த எல்லாப் பெட்டிகளிலும் அந்த மருந்தைப் போட்டேன். பெட்டியில் பலமில்லை என்று ஆட்கள் குறை சொன்னார்கள். கொஞ்சக் காலத்தில் கப்பல் கப்பலாக வெளிநாட்டுச் சாமான் வந்திறங்க, என் கொட்டிலும் அடைபட்டது. அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் மாமி காலமான செய்தி வந்தது. நானும் அக்காவும் போனோம். அக்கா மற்றப் பெண்களோடு ஒரு ஓரத்தில், வந்து போகிறவர்களில் ஒருத்தியாக நின்றாள். அத்தான் கட்டிய அறையில் நெல்லு மூட்டை அடுக்கியிருந்தார்கள். அதன் வாசலைக் கடக்கும்போது அவள் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன்.

திரும்பி வர இறங்குதுறையில் லோஞ்சுக்குக் காத்திருந்தோம். அதற்கு மேல் எனக்கு ஏலவில்லை.

"அக்கா, அண்டைக்குப் பாட்டு எங்கையிருந்து வந்ததெண்டு மாமிக்குத் தெரிஞ்சிருக்காது. என்ரை கொட்டில் எண்டுதான் நினைச்சிருப்பா. அது உங்கடை அறையிலை எண்டு நான்தான் புளுகினனான். வந்து நிண்டவருக்குப் பெருமை காட்டினனான்."

அக்கா கடலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"தெரியும் தம்பி. நான் உடனை குறைச்சுப் போட்டனே. அதுக்குப் பிறகு எனக்குக் கேட்டது உன்ரை குரல்தான். ஒரு சொல் விடாமல் கேட்டது."

"பிறகேன் என்னை ஒண்டும் கேக்கேல்லை?"

"நீ போய் மாமியிட்டைச் சொல்லுவாய் எண்டு இருந்தனான்" என்றாள். குரலில் கோபமே இல்லை. "முதல் லோஞ்சுக்குப் போறதெண்டா நீ விடிய வெள்ளண வெளிக்கிட வேணும். அதுக்கெண்டு ஒவ்வொரு நாளும் நான் எழும்பித் தேத்தண்ணி போட்டு வைப்பன். ஒரு வருசம் போட்டு வைச்சனான்."