யதுர்சனுக்குக் கிடைக்காத ஒன்று

யதுர்சன் சிட்னியின் புறநகரான பிளாக்டவுனில் பிறந்தவர். கிரிக்கெட் சரிவராமல், பன்னிரண்டு வயதில் பேஸ்போலுக்கு மாறிப் பந்து வீசும் பிட்சரானார். அமெரிக்கக் கல்லூரி ஒன்று புலமைப்பரிசில் கொடுத்து அழைத்தது. அங்கே இரண்டு வருடம் பிராந்தியத்தின் சிறந்த அணியில் இடம், கடைசி வருடம் சிறந்த பிட்சர் விருது. பிறகு தொழில்முறை ஆட்டம்: அமெரிக்காவின் கீழ்மட்ட லீக்குகளில் நான்கு வருடம், ஒருமுறை நட்சத்திர அணிக்குத் தெரிவு, முழங்கையில் ஒரு சத்திரசிகிச்சை. சிட்னிக்குத் திரும்பி, வார நாட்களில் மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்தபடி உள்ளூர்க் கழகத்துக்கு வீசினார். அங்கும் இரண்டு முறை ஆண்டின் சிறந்த பிட்சர்.

எல்லாப் பிட்சர்களும் விரும்பும் ஒன்று மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை: ஒன்பது இன்னிங்ஸிலும் எதிரணியை ஒரு அடிகூட அடிக்க விடாத ஆட்டம். முப்பத்துமூன்று வயதில், விளையாடிய கடைசிப் பருவத்தில், ஒரு ஞாயிறு பிற்பகல் அது பக்கத்தில் வந்தது.

எட்டு இன்னிங்ஸ் முடிந்திருந்தது; எதிரணிக்கு ஒரு அடிகூடக் கிடைக்கவில்லை. அப்படியான ஆட்டத்தின்போது, சொன்னால் கெட்டுவிடும் என்று அதைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. பிட்சருக்குப் பக்கத்தில் உட்காருவதுகூட இல்லை. வீரர்கள் உட்காரும் நீள வாங்கின் ஒரு முனையில் யதுர்சன் தனியே இருந்தார். பார்வையாளர் வரிசையிலிருந்த அவரது தந்தை அரியரத்தினம், எல்லோரும் மகனோடு கோபம் என்று நினைத்துவிட்டார். எழுந்து வலையருகே போனார்.

"தம்பி, ஏன் தனிய இருக்கிறாய்? இண்டைக்கு ஒருத்தனும் உன்ர பந்தை அடிக்கேல்ல, தெரியுமோ!"

தமிழ் தெரியாத மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று விரல்களால் ஒரு பூச்சியம் காட்டினார். வாங்கில் ஒருவர் துவாயால் முகத்தை மூடிக்கொண்டார்.

அரியரத்தினத்தின் மகள் கமலினி ஓடிவந்து தந்தையின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அப்பா, ஸ்டொப்! அதைச் சொல்லக் கூடாது."

"ஏன், நாவூறு படுமோ?"

"ஓம், அப்பிடித்தான் எண்டு வையுங்கோ."

"பெத்த தகப்பன்ர கண்ணே படும்? விசர்க் கதை."

ஒன்பதாவது இன்னிங்ஸில் முதல் இருவர் ஆட்டமிழந்தார்கள். மூன்றாமவர் வேகப்பந்து ஒன்றைத் தரையோடு அடித்தார். அது இரண்டு களத்தடுப்பாளர்களுக்கு நடுவே உருண்டு புல்வெளிக்குப் போனது; எதிரணியின் முதல் அடி. அடுத்தவர் பிடி கொடுத்தார். மூன்றுக்குப் பூச்சியம் என்று யதுர்சனின் அணி வென்றது.

கார் தரிப்பிடத்தில் அரியரத்தினம் மகனின் பையை வாங்கிக்கொண்டார்.

"என்னாலதானோ?"

"நோ அப்பா. வளையிற பந்து போட்டிருக்கோணும். வேகமாப் போட்டிட்டன்."

அரியரத்தினம் பையைக் காரின் பின்னால் வைத்து மூடினார்.

"நானும் அதைத்தான் நினைச்சனான்," என்றார்.