நோவு போனது, முள் போகவில்லை

கட்டுகஸ்தோட்டைக் களத்தில் காப்பிக் கொட்டை உலர்த்துகிறேன். வீட்டில் நான் தனி ஆள். உள்ளங்காலில் முள் ஒடிந்து நோவு தாங்கவில்லை. கண்டியில் மெஸ்மரிசத்தால் தூங்கவைத்து நோவைப் போக்கும் ஒருவரிடம் போனேன். கால் நோகிறது என்றேன், முள்ளைச் சொல்லவில்லை. நோவு போனால் போதாதா? அவர் பேசப் பேசக் கண் சொருகியது. விழித்தபோது நோவே இல்லை.

ஐந்து நாள் அந்தக் காலோடு வேலை செய்தேன். ஆறாம் நாள் மூட்டை ஏற்ற வந்த வண்டிக்காரர் கத்தினார்: "அண்ணே, கால் கறுத்துக் கெடக்கே, நோகல்லையா?"

ஆஸ்பத்திரியில் முள்ளை எடுத்த டாக்டர், இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் காலையே எடுத்திருப்போம் என்றார்.

மெஸ்மரிசக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். நான் கேட்டதைத்தான் செய்தார். வீட்டில் என்னைக் கூப்பிட்டுக் காலைப் பார் என்று சொல்ல அந்த நோவு ஒன்றுதான் இருந்தது, அதையும் தூங்கவைத்துவிட்டேன். இப்போது பொழுது சாயுமுன் தினமும் உள்ளங்காலைத் திருப்பி நானே பார்க்கிறேன்.